எளிமையைச் சுமப்பது யார்?

(பங்கின் யூபிலி விழாவையொட்டி நடைபெற்ற குடும்ப நாள் கூட்டத்தில் தம்பதியர் இருவர் ஆற்றிய உரை)



சிக்கனமாகவும், இயற்கையைக் கெடுக்காமலும் பிள்ளைகளை வளர்ப்பது எப்படி என்பது பற்றிப் பேசும்படி விழாக் குழுவினர் கேட்டுக்கொண்டபோது நாங்கள் முதலில் தயங்கினோம். நாங்கள் மேடைப் பேச்சாளர்கள் அல்லர். எங்களில் கணவர் பள்ளி ஆசிரியர். மனைவி மருத்துவமனையில் செவிலியர். மூன்று பிள்ளைகள், வயதான தாயார் ஒருவர், ஆக ஆறு பேர் கொண்ட வீடு. காலை ஏழரை மணிக்கு எங்கள் வீட்டைப் பார்த்தவர் எவரும் அதை அமைதியின் இல்லம் என்று சொல்லமாட்டார். ஆயினும் இந்த விஷயத்தில் நாங்கள் செய்த தவறு ஒன்று உண்டு. அதைச் சொன்னால் யாருக்காவது பயன்படுமே என்றுதான் வந்து நிற்கிறோம்.

எங்கள் மூத்த மகள் 2013-ஆம் ஆண்டு பிறந்தாள். முதல் குழந்தை அல்லவா! கடையில் கண்டதெல்லாம் வாங்கினோம். டப்பாப் பால், சத்து மாவு, தள்ளுவண்டி, பேசும் பொம்மை, நாளைக்கு ஆறு டயாப்பர். முதல் பிறந்த நாளுக்கு மண்டபம் பிடித்து விருந்து வைத்தோம். விருந்து முடிந்த மறுவாரம் கடன்காரர் வாசலுக்கு வந்தார். திருமணத்தன்று போட்ட இரண்டு வளையல்கள் அடகுக்குப் போயின. அந்த ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு, இனி எளிமையாக வாழ்வோம் என்று இருவரும் தீர்மானித்தோம்.

தீர்மானம் நல்லதுதான். அதை நிறைவேற்றிய விதத்தில்தான் பிழை நேர்ந்தது.

2018-இல் மகன் பிறந்தான். இம்முறை எல்லாம் இயற்கை முறையில் என்றோம். டயாப்பர் வேண்டாம், பழைய வேட்டித் துணி போதும். டப்பா மாவு வேண்டாம். கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தி, வறுத்துத் திரிக்கலாம். துணிகளைக் கல்லில் துவைக்கலாம். சட்னியை அம்மியில் அரைக்கலாம். வீட்டுச் செலவு உண்மையிலேயே குறைந்தது. பார்த்தவர்கள் எங்களைப் பாராட்டினார்கள். கணவரும் அந்தப் பாராட்டைத் தலையசைத்து ஏற்றுக்கொண்டார்.

ஆனால் மாவைத் திரித்தது யார்? துணியைத் துவைத்தது யார்? இரவுப் பணி முடிந்து காலையில் வந்து அம்மிமுன் உட்கார்ந்தது யார்? இந்தக் கேள்வி எங்கள் இருவருக்குமே அப்போது எழவில்லை. 2019-இல் ஒரு நாள் காலை, துவைகல்லின் அருகிலேயே மனைவி மயங்கி விழுந்தார். பரிசோதித்தபோது இரத்தத்தில் ஹீமோகுளோபின் 8 கிராம் என்று தெரிந்தது. பெண்களுக்குக் குறைந்தது 12 இருக்கவேண்டும். நாள்தோறும் பிறருக்கு மருந்து கொடுக்கும் செவிலியர், தம் உடம்பைக் கவனிக்க நேரமில்லாமல் இருந்திருக்கிறார்.

அதே மாதத்தில் மூத்தவள் பள்ளியில் 'எங்கள் வீடு' என்று ஒரு படம் வரைந்து கொண்டுவந்தாள். அதில் அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அப்பா நாற்காலியில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். கணவர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அன்று இரவு சாப்பிடவில்லை.

எங்கள் தாயார் அப்போது சொன்ன ஒரு சொல்லை நாங்கள் இன்றும் மறக்கவில்லை. "எங்க காலத்துல அம்மியில அரச்சோம், கல்லுல துவச்சோம், நெசந்தான். ஆனா வீட்டுல அஞ்சு பொம்பளைங்க இருந்தோம் மக்களே. இவ ஒத்தைக்கில்லா செய்யுதா!" என்றார்.

பெரியோர்களே, பழைய காலத்து எளிமையை நாம் புகழ்கிறோம். அதைத் தாங்கிப்பிடித்த கைகளை எண்ணிப் பார்க்க மறந்துவிடுகிறோம். ஐந்து பேர் சேர்ந்து சுமந்ததை ஒருத்தியின் தலையில் ஏற்றிவிட்டு, அதற்கு இயற்கை வாழ்வு என்று பெயர் சூட்டினால் அது நியாயமாகுமா? அன்று முதல் எங்கள் வீட்டில் ஒரு விதி வைத்தோம். எதைக் கைவிடலாம், எதைக் கைக்கொள்ளலாம் என்று பேசுமுன், அதைச் செய்யப்போவது யார் என்று முதலில் பேசவேண்டும்.

அந்த விதிப்படி சிலவற்றைத் திரும்ப ஏற்றுக்கொண்டோம். அம்மி ஓய்வு பெற்றது, மிக்சி வந்தது. துணி துவைக்கும் இயந்திரம் ஒன்று வாங்கினோம். அது ஆடம்பரம் என்று சிலர் சொன்னார்கள். ஆனால் அந்த இயந்திரம் இருந்ததால்தான் மூன்றாவது குழந்தைக்கும் துணியையே பயன்படுத்த முடிந்தது.

மூன்றாமவள் 2021-இல் பிறந்தாள். 2017-இல் திருத்தப்பட்ட சட்டப்படி முதல் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய்க்கு 26 வாரம் விடுப்பு. அடுத்த பிள்ளைக்கு 12 வாரமே. குழந்தைக்கு முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கவேண்டும், பிறகு மற்ற உணவோடு இரண்டு வயதும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மூன்று மாதத்தில் வேலைக்குத் திரும்பவேண்டிய தாய் என்ன செய்வாள்? பாலைச் சுத்தமான பாத்திரத்தில் பீய்ச்சி, மூடிக் குளிர்பெட்டியில் வைத்துச் செல்வார் மனைவி. கணவரும் பாட்டியும் அதைச் சங்கில் புகட்டுவார்கள். புட்டி வாங்கவே இல்லை. முதல் வாரத்தில் பாதிப் பால் கணவரின் சட்டையில்தான் இருந்தது. பிறகு கை பழகிவிட்டது.

குழந்தையின் துணிகளை அலசி இயந்திரத்தில் போடுவது கணவரின் பொறுப்பு. தொடக்கத்தில், அக்கம்பக்கத்தார் பார்ப்பார்களே என்று விடியுமுன் கொடியில் காயப்போடுவார். ஒரு மாதம் கழிந்ததும் பட்டப்பகலில், நல்ல வெயிலில் காயப்போட்டார். வெயிலில் உலர்ந்த துணியே நல்லது என்பதும் அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது! இரவுப் பணி நாட்களிலும் பயணத்தின்போதும் கடை டயாப்பரைப் பயன்படுத்தினோம். அதற்காக நாங்கள் வெட்கப்படவில்லை. நாளைக்கு ஆறு வீதம், ஒன்று பத்து ரூபாய் என்று கணக்கிட்டாலும் மாதத்திற்கு 1800 ரூபாய். எங்களுக்கு அதில் ஆறில் ஒரு பங்குகூட ஆகவில்லை. அந்த டயாப்பருக்குள் பிளாஸ்டிக் இருக்கிறது. மண்ணில் மக்காது, கொளுத்தினால் நச்சுப்புகை. ஆகவே குறைத்த ஒவ்வொன்றும் நம் ஊர் ஓடைக்கும் நன்மைதான்.

இங்கே இளந்தாய்மாருக்கு ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். இயற்கையானது எல்லாம் குழந்தைக்கு ஏற்றதல்ல. பிறந்த குழந்தையின் நாவில் தேன் தொட்டுவைக்கும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. ஒரு வயது நிறையும்வரை தேன் கொடுக்கவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்து, பச்சைக் குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கும்; உடல் தளர்ந்து மூச்சுத் திணறும் நிலை வரலாம். காதிலும் மூக்கிலும் எண்ணெய் ஊற்றுவதும் வேண்டாம். தடுப்பூசியை ஒருபோதும் தவறவிடாதீர்கள். ஆறு மாதம் நிறைந்தபின் கேழ்வரகுக் கூழ் தாராளமாகக் கொடுங்கள். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. மாவை முளைகட்டித் திரிக்க நேரமில்லையா? மில்லில் திரித்துக்கொள்ளுங்கள். குழந்தை கோபித்துக்கொள்ளாது.

மற்றப் பழக்கங்கள் சிறியவை. பயறும் கடலையும் இரவே ஊறவைப்பது பாட்டியின் வேலை. அதனாலும், சமைக்கும்போது பாத்திரத்தை மூடிவைப்பதாலும் முன்பு 30 நாள் வந்த எரிவாயு உருளை இப்போது 40 நாள் வருகிறது. கடைக்குப் போகும்போது துணிப்பையை எடுத்துக்கொள்வது மூத்தவள் பொறுப்பு. காய்கறித் தோலையும் மீன் கழிவையும் தென்னை மூட்டில் குழிவெட்டிப் புதைப்பது மகன் பொறுப்பு. அவன் மறக்கும் நாட்களும் உண்டு. அன்று வீட்டில் எழும் மணமே அவனுக்கு நினைவூட்டிவிடும். அக்காளின் சட்டை தங்கைக்கு வருகிறது. பிறந்த நாளுக்கு மண்டபம் இல்லை; வீட்டில் பாயசம் உண்டு.

2022-இல் அந்த இரண்டு வளையல்களையும் மீட்டோம். அதைவிடப் பெரிய வரவு ஒன்றும் உண்டு. இரவு ஒன்பது மணிக்கு வேலையெல்லாம் முடிந்து, ஆறு பேரும் ஒரே பாயில் உட்காருகிறோம். முன்பு ஐந்து பேர்தான் உட்காருவோம். ஒருவர் அடுக்களையில் இருப்பார்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லௌதாத்தோ சீ' என்னும் சுற்றுமடலில், பிளாஸ்டிக்கைத் தவிர்ப்பது, தண்ணீரைக் குறைத்துப் பயன்படுத்துவது, உண்ணக்கூடிய அளவே சமைப்பது, தேவையற்ற விளக்கை அணைப்பது போன்ற சிறு செயல்களையும் எடுத்துச் சொல்லியிருக்கிறார். உலகத்தைக் காப்பது பெரியவர்களின் மாநாட்டில் மட்டும் நடக்கும் காரியமல்ல. நம் அடுக்களையிலும் நடக்கிறது. அப்படியானால் அடுக்களை வேலையில் வீட்டார் எல்லோருக்கும் பங்கு வேண்டாமா?

முடிக்குமுன் ஒரு விண்ணப்பம். விழாவின் நிறைவு நாளில் நம் பங்கில் அசனம் நடக்கவிருக்கிறது. தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்த பொருட்களில் பிளாஸ்டிக் தாளும் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பையும் அடங்கும். ஆகவே வாழை இலையில் உண்போம், எவர்சில்வர் தம்ளரில் குடிப்போம் என்று விழாக் குழு முடிவு செய்திருக்கிறது. மகிழ்ச்சி. ஆனால் அத்தனை தம்ளர்களையும் கழுவப்போவது யார்? வழக்கம்போல மாதர் சங்கத்தார்தானா? ஒவ்வொரு அன்பியத்திலிருந்தும் நான்கு ஆண்கள் அரைமணி நேரம் வந்தால் போதும். எங்களில் கணவர் முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டார். கோயில் வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம்.

ஐயாயிரம் பேர் உண்டபின்பும் மீந்த துண்டுகளை வீணாக்காமல் பன்னிரண்டு கூடைகளில் சேர்த்த நிகழ்ச்சியை நாம் நற்செய்தியில் கேட்டிருக்கிறோம். அந்தக் கூடைகளை நிரப்பியவர்கள் சீடர்கள். அவர்களும் ஆண்கள்தாம் என்பதை நம் பங்கின் ஆண்களுக்கு அன்போடு நினைவூட்டி விடைபெறுகிறோம்.