இடாப்பில் ஒரு பெயர்



காலையில் வகுப்பாசிரியர் இடாப்புக் கூப்பிடும்போது நம் பெயருக்கு முன்னால் வருவது யாருடைய பெயர், பின்னால் வருவது யாருடைய பெயர் என்பது எத்தனை வயதானாலும் மறக்காது. என் பெயருக்குப் பின்னால் வந்தவன் சிறுநீரக நோயால் போய்விட்டான். வவுனியாப் பக்கத்து வயல்காரக் குடும்பங்களுக்கு அந்த நோயைப்பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

அந்தியேட்டிக்கு வகுப்பார் எல்லோரும் காசு சேர்த்தோம். வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டு இரண்டு நாளில் கனடாவிலிருந்தும் சுவிசிலிருந்தும் வந்து சேர்ந்தது. சந்தியில் பெரிய பதாகை கட்டினோம். அன்னதானம் கொடுத்தோம். மிச்சத்தைத் தாயாரிடம் கொண்டுபோனோம். அவர் உறையைத் திறக்கவேயில்லை. "காசு கிடக்கட்டும் தம்பி. அவன்ர பேரைப் பள்ளிக்கூடத்தில வருசத்துக்கு ஒருக்காக் கூப்பிட்டாக் காணும்" என்றார். பதாகை அடுத்த மாரியோடு கிழிந்துபோனது. அந்தத் தாய் கேட்டதைச் செய்ய எங்களுக்கு இன்னும் ஒரு வருடம் பிடித்தது.

வகுப்புத் தோழரை இழந்த கதை இந்த வன்னி மண்ணில் எந்த வகுப்புக்கு இல்லை? 2004 டிசம்பர் 26ஆம் திகதி முல்லைத்தீவுக் கரையில் கடல் கொண்டுபோன பிள்ளைகள் எத்தனை பேர்! 2006 ஓகஸ்ட் 14ஆம் திகதி வள்ளிபுனம் செஞ்சோலை வளாகத்தில் விமானக் குண்டுவீச்சில் 50க்கும் மேற்பட்ட மாணவிகள் இறந்தார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டப் பாடசாலைகளிலிருந்து முதலுதவிப் பயிற்சிக்கு வந்திருந்த 16 முதல் 18 வயதுப் பிள்ளைகள் அவர்கள் என்று யுனிசெப் அப்போதே சொன்னது. அவர்களோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் இன்றைக்கு அந்த வயதில் பிள்ளைகளை வளர்க்கிற தாய்மார். பிறகு 2009இன் இறுதிப் போர். பல வீடுகளில் போனவரின் ஒரு படம்கூட மிஞ்சவில்லை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, பள்ளிக்கூட இடாப்புகளும் எங்கெங்கோ தொலைந்தன. அப்படித் தொலைந்த ஒரு பெயரைத் திரும்பவும் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவருகிற வழிதான் ஞாபகார்த்தப் பரிசு.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த பேராசிரியர் அழகையா துரைராஜா 1994இல் மறைந்தார். அவர் பெயரில் பட்டமளிப்பு விழாவில் ஒரு தங்கப் பதக்கம் கொடுக்கிறார்கள். அவர் இறந்த பிறகு பிறந்த பிள்ளைகள் எழுந்து நடந்துபோய் அவர் பெயரால் அதை வாங்குகிறார்கள். துணைவேந்தருக்குச் செய்வதை, பாண் வாங்கக் கடைக்கு ஓடிய நம் கூட்டாளிக்கும் செய்யலாம்.

எப்படிச் செய்வது? சேர்த்த காசைச் செலவழிக்காமல் வங்கியில் நிலையான வைப்பில் போட்டு, வட்டியை மட்டும் எடுங்கள். இதில் ஒரு கவனம் வேண்டும். 2022 கடைசியில் ஓராண்டு வைப்புக்கு 20 சதவீதத்துக்கு மேல் வட்டி கிடைத்தது. 2024இல் அது 10 சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டது. ஒரு இலட்சம் ரூபாய்க்கு 20,000 வந்த இடத்தில் 8,000தான் வந்தது. கொப்பி, சப்பாத்து விலை மட்டும் இறங்கவில்லை. வட்டி கூடிய வருடத்தில் முழுவதையும் கொடுத்துத் தீர்க்காமல் ஒரு பங்கை முதலோடு சேருங்கள்.

கணக்கை ஒரு தனியாளின் பெயரில் திறக்காதீர்கள், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். அதிபருக்கு இடமாற்றம் வரும், செயலாளர் லண்டனுக்குப் போவார். அதிபர், பழைய மாணவர் சங்கப் பொருளாளர் என்று பதவியின் பெயரில் இரண்டு கையெழுத்து இருக்கட்டும். வருடத்தில் ஒருநாள் வங்கிக் கூற்றைப் படம் எடுத்துக் குழுவில் போடுங்கள். ஐந்து ஈரோ தந்தவருக்கும் அது தெரியவேண்டும்.

பரிசு யாருக்கு என்பதில்தான் நாங்கள் அதிகம் வாதாடினோம். முதலாம் பிள்ளைக்கு என்றார்கள் சிலர். எங்கள் கூட்டாளி ஒருநாளும் முதலாம் பிள்ளையாக இருந்ததில்லை. சாதாரண தரத்தில் கணிதம் முதல்தடவை விட்டுப்போய், அடுத்த வருடம் திரும்ப எழுதிச் சித்தியடைந்தவன். அதனால் அவன் பெயரிலான பரிசு, கணிதத்தைத் திரும்ப எழுதிச் சித்தியடைகிற பிள்ளைக்கு. அதுதான் சரி என்று இன்றைக்கும் நினைக்கிறேன். பரிசு வாங்குகிற பிள்ளையைக் கையில் பொதியோடு நிறுத்திப் படம் எடுப்பதில்லை என்றும் அன்றைக்கே முடிவெடுத்தோம்.

நேயர்களே, உங்கள் வகுப்பிலும் அப்படி ஒரு பெயர் இருக்கும். காசு சேர்க்கத் தொடங்குமுன் அந்த வீட்டுக்குப் போங்கள். தாயோ தகப்பனோ இருந்தால், என்ன செய்தால் மனம் ஆறும் என்று கேளுங்கள். பிறகு, இந்தத் தவணை முடியுமுன் உங்கள் பள்ளிக்கூட அதிபரைப் போய்ச் சந்தியுங்கள். அடுத்த பரிசளிப்பு விழாவில் அந்தப் பெயரைக் கூப்பிடட்டும்.