விரிசலை முதலில் பார்ப்பவரை என்னவென்று கூப்பிடுகிறீர்கள்?

(திருமுக்கூடலில் கல்குவாரி, கிரஷர் தொழிலாளர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இந்த ஊருக்கு யார் வந்தாலும் முதலில் பெருமாள் கோயில் கல்வெட்டைத்தான் காட்டுவார்கள். வீரராஜேந்திர சோழன் காலத்தில், சுமார் 950 ஆண்டுகளுக்கு முன், இங்கே 15 படுக்கைகளோடு ஓர் ஆதுலசாலை இருந்திருக்கிறது. பெருமைதான். ஆனால் மருத்துவருக்கு அதில் பெயர் இருக்கிறது: கோதண்டராமன் அசுவத்தாம பட்டன். மூலிகையும் விறகும் கொண்டுவந்தவர்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட பெண்கள், நாவிதர், தண்ணீர் கொண்டுவந்தவர், இவர்களுக்கு வேலைதான் இருக்கிறது, கூலி நெல் இருக்கிறது. பெயர் இல்லை.

பக்கத்துக் குவாரிக்குள் போனால் இன்றைக்கும் அதே கணக்குதான். என்ஜினியர் 'சார்'. ஜாக் ஹேமர் பிடிக்கிறவர் 'டேய் டிரில்லு'. வடக்கிலிருந்து வந்தவர் 'இந்திக்காரன்'. நம் காலனியிலிருந்து போகிற பெரியவர், வயது அறுபதானாலும், 'ஏய்'.

இதை மனம் புண்படுகிற விஷயமாக மட்டும் பார்க்காதீர்கள். இது உயிர் போகிற விஷயம்.

ஆய்வுக்காக ஒரு குவாரியில் சில நாள் இருந்தேன். வெடி வைத்த மறுநாள் காலை, மேல் படியில் புதிதாக ஒரு விரிசல் ஓடியிருந்ததை ஓர் அண்ணன் பார்த்துவிட்டார். முப்பது வருடம் கல்லோடு கிடந்தவர். யாரிடமும் சொல்லவில்லை. மாலையில் டீக்கடையில் ஏன் என்று கேட்டேன். "சொன்னா 'ஒனக்கு இன்னாடா தெரியும்'னுவான் தம்பி. அதுக்கு நாமளே தள்ளி நின்னுக்கலாம்" என்றார். அவர் தள்ளி நின்றார். கீழே வேலை செய்த இரண்டு பேருக்குத் தெரியாது. அன்று எதுவும் விழவில்லை, அவ்வளவுதான். 2021 பிப்ரவரியில் இதே வட்டாரத்து மதூர் குவாரியில் சரிவு ஏற்பட்டு உயிர்கள் போனதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

'டேய்' என்று கூப்பிடுகிற மேஸ்திரி தனக்கு வரவேண்டிய எச்சரிக்கையைத் தானே அடைத்துக்கொள்கிறார். ஹெல்மெட் கொடுத்துவிட்டேன், போர்டு எழுதிவிட்டேன் என்பார். தனி டம்ளரில் தண்ணீர் குடிக்கிற ஆள் அவரிடம் எப்படி வந்து பேசுவார்?

கல்குவாரியும் சட்டப்படி சுரங்கம்தான். 2020ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் சுரங்கத்தில் பாதுகாப்பு அதிகாரி வேண்டும். நம் பக்கம் எந்தக் குவாரி 100 பேரைப் பதிவேட்டில் காட்டும்? லாரி ஒரு கான்ட்ராக்டர், வெடி ஒருவர், ஜல்லி ஒருவர் என்று பிரித்துவிடுவார்கள். ஆகவே உண்மையான பாதுகாப்புத் தலைவர் நம் மேட்தான், மேஸ்திரிதான். அவர்களில் பலர் நம் சொந்தக்காரர்கள். அதனால்தான் இதை இங்கே பேசுகிறேன், முதலாளி சங்கத்தில் அல்ல.

வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையை வகித்தபோது, 1943 டிசம்பரில், அம்பேத்கர் தன்பாத் பக்கம் நிலக்கரிச் சுரங்கத்துக்குள்ளேயே இறங்கிப் பார்த்தார். அறிக்கையை டெல்லிக்கு வரவழைத்துப் படித்திருக்கலாம். வேலை நடக்கிற இடத்துக்குப் போய்ப் பார்ப்பதுதான் மரியாதையின் முதல் படி என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

நம் மேட்கள் செய்யக்கூடியது இதுதான். காலையில் உத்தரவு போடுவதற்கு முன், "நேத்து என்ன பார்த்தீங்க?" என்று கேளுங்கள். 'நீங்க' என்று கேளுங்கள். சொன்னவர் பெயரை நோட்டில் எழுதுங்கள், சாயங்காலத்துக்குள் பதில் சொல்லுங்கள். ஒடியாவோ இந்தியோ பேசுகிறவருக்கு அவர் மொழி தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் நிறுத்துங்கள். ஆபத்து என்று ஒதுங்கியவருக்கு அரைநாள் கூலியை வெட்டாதீர்கள். கூலியை வெட்டிவிட்டு 'அண்ணா' என்று கூப்பிட்டால் அது மரியாதை இல்லை, நடிப்பு. முன்பணம் வாங்கிய இருளர் குடும்பத்துக்கு ஒதுங்குகிற உரிமையே கிடையாது. 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அவர்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

இந்தக் கூட்டத்திலும் ஜல்லி அள்ளுகிற அக்காமார் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். கிரஷர் தூசியை அதிகம் விழுங்குவது நீங்கள். எனக்கு அடுத்து நீங்கள் பேச வேண்டும்.

வருகிற வாரம் மேட்களோடு உட்காருகிறோம். விரிசலைப் பார்த்த அந்த அண்ணனையும் கூப்பிட்டேன். "வரலாம், அன்னிக்கு கூலி?" என்று கேட்டார். அதற்கு இந்தக் கூட்டத்திலேயே ஒரு முடிவு எடுத்துவிடுங்கள்.