தாயையும் நினைப்போம்

(வருடாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கருக்கலைப்பு என்னும் பொருளைச் சங்க மேடையில் பேசலாமா என்று சிலர் தயங்கினர். நாம் பேசாதிருப்பதால் அது நடவாதிருக்கவில்லை. நமது மௌனத்தின் துன்பத்தைப் பெண்களே அனுபவிக்கின்றனர். ஆதலின் பேசத் துணிந்தேன்.

நமது சமயம் கருவிலுள்ள உயிரை அற்பமாக எண்ணியதில்லை. கரு மாதந்தோறும் எத்தனை இடர்களுக்குத் தப்பி வளர்கின்றதென்பதை மாணிக்கவாசக சுவாமிகள் போற்றித் திருவகவலில் பாடியருளினார். தர்ம சாத்திரங்கள் கருவழித்தலைப் பெரும் பாவமென்றன. அதேவேளையில், வயிற்றில் இறந்த சிசுவை அகற்றித் தாயைக் காக்கும் சிகிச்சையைச் சுசுருத சங்கிதை விரித்துரைக்கின்றது. ஆகவே, கருவை மதிப்பதும் தாயைக் காப்பதும் ஒன்றுக்கொன்று பகையான அறங்களல்ல.

நமது நாட்டுச் சட்டம் யாது? 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காக்கும் நோக்கத்தோடன்றிக் கருக்கலைத்தலைக் குற்றமாக்கியது. கலைத்தவருக்கு மட்டுமன்றி, தானே கலைத்துக்கொண்ட பெண்ணுக்கும் அதில் தண்டனை உண்டு. பலாத்காரத்துக்கு ஆளானவளுக்கும் அப்பிரிவு விலக்களிக்கவில்லை. 1995இல் இதனைத் தளர்த்தக் கொண்டுவரப்பட்ட திருத்தம் எதிர்ப்பினால் கைவிடப்பட்டது. 2017இல் எழுந்த முயற்சியையும் சமயத் தலைவர்கள் எதிர்த்தனர். அண்டை நாடாகிய இந்தியாவோ 1971இலேயே, குறித்த காரணங்களுக்கு வைத்தியர் மூலம் கருக்கலைக்க இடமளித்தது.

அயர்லாந்தில் நடந்ததொன்றைக் கேளுங்கள். இந்தியாவிலிருந்து சென்று அங்கு வாழ்ந்த சவிதா ஹலப்பனவர் என்னும் பல் வைத்தியர், 2012 ஒக்டோபரில் 17 வாரக் கர்ப்பிணியாய்க் கருச்சிதைவு தொடங்கி ஆஸ்பத்திரியை அடைந்தார். கரு பிழையாதென்பது தெரிந்தும், அதன் இருதயத் துடிப்பு நிற்கவில்லையென்று அவர் வேண்டிய கருக்கலைப்பு மறுக்கப்பட்டது. இரத்தத்தில் நஞ்சேறியதும் உரிய வேளையில் கண்டறியப்படவில்லை. 31 வயதில் அவர் இறந்தார். சேயும் பிழைக்கவில்லை, தாயும் பிழைக்கவில்லை. 2018இல் அந்நாட்டு மக்கள் வாக்களித்துத் தம் அரசியலமைப்பிலிருந்த தடையை நீக்கினர்.

சட்டம் தடுத்த இடத்திலும் கருக்கலைப்பு நின்றுவிடுவதில்லை. அது மறைவிடத்துக்குச் செல்கின்றது. பணமுள்ளவள் தேர்ந்த வைத்தியரைத் தேடிக்கொள்கிறாள். ஏழைப் பெண்ணோ கைதேறாதவரிடம் அகப்பட்டு, இரத்தப்பெருக்கு, கிருமித்தொற்று, கருப்பைச் சேதம் என்பவற்றுக்கு ஆளாகின்றாள். பொலிசுக்கும் பழிச்சொல்லுக்கும் அஞ்சி ஆஸ்பத்திரிக்குப் பிந்தியே வருகின்றாள். அந்தத் தாமதமே பல உயிர்களைக் குடிக்கின்றது.

வாலிபர்களே, உங்களிடம் ஒரு கேள்வி. அவளை அந்நிலைக்குள்ளாக்கிய ஆண்மகன் எங்கே? 303ஆம் பிரிவு அவனைத் தேடுவதில்லை, ஊரும் தேடுவதில்லை. பழி முழுவதும் அவள் தலையில் விழுகின்றது. இது தருமமாகுமா?

சட்டம் எவ்வளவு மாறவேண்டுமென்பதில் நம்மிடையே கருத்து வேற்றுமை இருக்கலாம். கருவுயிரை எண்ணி அஞ்சுவோரின் மனச்சாட்சியையும் நான் இகழேன். ஆயினும் எல்லோரும் இன்றே செய்யக்கூடியவை உள. பெற்றோரே, வழிதவறிய மகளுக்குக் கதவடைக்காதீர்கள். நம் வீட்டுக் கதவு அடைபட்டால் அவள் தட்டுவது ஆபத்தின் கதவையே. இரத்தப்பெருக்கோடு வருபவளை முதலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். விசாரணை பிறகு ஆகட்டும். வாலிபர்களே, பொறுப்பேற்க இயலாதவன் ஒரு பெண்ணின் வாழ்வோடு விளையாடலாகாது.

கருவிலுள்ள உயிருக்காக வாதாடும் நாம், கண்முன்னே நிற்கும் உயிரையும் காப்போமாக என்று கேட்டு, எனது பேச்சை முடித்துக்கொள்கின்றேன்.