தறி வீட்டில் கொழும்பு



காஞ்சியின் வரலாற்றைப் பல்லவரிலிருந்து தொடங்குவதுதான் மரபு. நான் 1950 செப்டம்பர் 30 அன்று தொடங்குகிறேன். இலங்கை வானொலியின் வர்த்தக சேவை கொழும்பில் ஆரம்பமான நாள் அது. பிள்ளையார்பாளையத்துத் தறி வீடுகளுக்குப் பாட்டு வந்தது அங்கிருந்துதான். பல்லவ மன்னன் ராஜசிம்மன் பொறுத்தருள வேண்டும்.

சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16 முதலே இயங்கியது. இங்கிருந்து எழுபத்தைந்து கிலோமீட்டர்கூட இருக்காது. பிறகு ஏன் கடல் தாண்டிக் கேட்டார்கள்? 1952இல் ஒலிபரப்புத் துறை அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு என்றாலே ஆகாது. சாஸ்திரிய சங்கீதத்தைக் கொடுத்துக்கொண்டே இருந்தால் மக்களின் ரசனை உயரும் என்று நம்பினார். படத்தின் பெயரைச் சொல்வதே விளம்பரம் என்று வானொலி நிறுத்த, தயாரிப்பாளர்கள் முறைத்துக்கொள்ள, பாட்டு ஏறக்குறைய காணாமலே போயிற்று. கொழும்பிலோ, உலகப் போரின்போது நேச நாட்டுப் படையினருக்காகத் தொடங்கிய நிலையத்தின் சிற்றலைக் கருவிகள் 1949இல் இலங்கையின் கைக்கு வந்திருந்தன. வலுவான அலை, தடையில்லாத பாட்டு. இந்திய விளம்பரதாரர்கள் பணத்தோடு அங்கே போய் நின்றார்கள். இலங்கை வானொலியை இந்தியாவில் வளர்த்தவர் யார் என்று கேட்டால், கேஸ்கர் என்றே சொல்வேன்.

தில்லிக்கு உறைத்தபின் 1957 அக்டோபர் 3 அன்று விவித் பாரதி என்ற பாட்டுச் சேவை பிறந்தது. அதில் விளம்பரம் சேர, 1967 நவம்பர் வரை பொறுக்க வேண்டியிருந்தது. அதற்குள் காது பழகிவிட்டது. இதில் ஒரு வேடிக்கை: அந்நாளில் ரேடியோ வைத்திருக்க உரிமம் வேண்டும். ஆண்டுதோறும் தபால் நிலையத்தில் பணம் கட்டி, உரிமப் புத்தகத்தைக் காட்டி முத்திரை வாங்க வேண்டும். கட்டணம் இந்திய அரசுக்கு, காது கொழும்புக்கு!

ஒரு தறி வீட்டுக்குள் போவோம். கோர்வைப் புடவைக்கு மூன்று நாடா. உடலும் கரையும் வேறு வேறு நிறம் என்பதால் ஒரு பக்கக் கரைக்கு நாடா தள்ள ஓர் ஆள் கூட உட்கார வேண்டும். பெரும்பாலும் வீட்டுப் பையன். கையும் காலும் கண்ணும் பாவிலேயே கட்டுண்டு கிடக்கும். சும்மா இருப்பது காது ஒன்றுதான். டிரான்சிஸ்டர் வந்ததும் தறித்தூண் ஆணியில் ஏறிக்கொண்டது அதனால்தான். பலகை அடிக்கிற சத்தத்தில் பாட்டு பாதி முங்கும். இழை அறுந்து முடிபோட நிறுத்தும்போதுதான் அறிவிப்பாளரின் குரல் தெளியும். முழுப் பாட்டும் கேட்டவர்கள், திண்ணையில் ராட்டை வைத்துத் தார் சுற்றிய பெண்கள். அந்த நிலையத்தின் மெய்யான நேயர்கள் அவர்களே என்பது என் கட்சி.

குரல்களைச் சொல்லாமல் எப்படி? எஸ். பி. மயில்வாகனன் நேயர்களோடு நேரே பேசுவதுபோல் அறிவித்தார். கே. எஸ். ராஜாவின் மின்னல் வேகம், ராஜேஸ்வரி சண்முகத்தின் கனிவு, பி. எச். அப்துல் ஹமீதின் பிசிறில்லாத உச்சரிப்பு. காலையில் ‘பொங்கும் பூம்புனல்’, பிறகு பிறந்தநாள் வாழ்த்து. இங்கிருந்து அனுப்பிய அஞ்சலட்டைக்கு ஊர்ப்பெயரோடு பதில் காற்றில் வரும். ஊரின் பெயரை உச்சரித்த நிலையம் ஊரின் நிலையமாகாமல் என்ன செய்யும்?

பின்கதை சுருக்கமானது. 1983க்குப் பிறகு இலங்கையில் போர். இங்கே டேப் ரிக்கார்டர், தொலைக்காட்சி. 1977லேயே சென்னையில் பண்பலை அரும்பியிருந்தாலும், தனியார் நிலையங்கள் அங்கே வந்தது 2003இல்தான். பாட்டு இப்போது துல்லியமாகவே கேட்கிறது. ஆனால் ஒரு நிலையத்தின் அறிவிப்பாளரை அடுத்ததிலிருந்து பிரித்தறிய என்னால் முடிவதில்லை.

கொழும்பு நிலையத்தைப் பற்றி அறிவிப்பாளர்கள் எழுதியிருக்கிறார்கள். கேட்டவர்கள் எழுதி நான் அதிகம் பார்த்ததில்லை. தார் சுற்றிய அந்தப் பெண்கள் இன்று எண்பதை நெருங்குகிறார்கள். இங்கே வந்திருக்கும் கல்லூரி மாணவர்களை வேண்டுகிறேன்: உங்கள் கைப்பேசியில் ஒலிப்பதிவு வசதி இருக்கிறது. இந்தக் கோடை விடுமுறையில் உங்கள் பாட்டியிடமிருந்தே தொடங்குங்கள்.