வேலைக்கு முன்னால் வரும் கடன்



இந்தக் கூட்டத்தில் தொழிலாளர் சட்டங்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று, இதை ஆண்டுதோறும் நடத்திவரும் அறக்கட்டளைக் குடும்பத்தார் கேட்டிருந்தார்கள். கூலி, வேலை நேரம், விடுப்பு, பி.எஃப். ஆகியவற்றைப் பற்றி நம் சங்கங்கள் நாள்தோறும் பேசுகின்றன. வேலையில் சேருவதற்கு முன்பே ஒருவர் வாங்கிவிட்ட கடனைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அந்தக் கடனைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அதைக் கணக்கில் எடுக்காமல் கூலியைப் பற்றி எவ்வளவு பேசினாலும் பாதிதான் பேசியதாகும் என்பது என் துணிபு.

அமெரிக்காவிலிருந்து தொடங்குகிறேன். 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் அந்த நாட்டின் தென்கரையைச் சூறையாடியது. எண்ணெய்க் கிணற்று மேடைகளைப் பழுதுபார்க்க வெல்டர்களும் பைப் ஃபிட்டர்களும் அவசரமாகத் தேவைப்பட்டார்கள். மிசிசிப்பி மாநிலத்தின் பாஸ்ககூலாவிலும் டெக்சாஸிலும் தளம் வைத்திருந்த சிக்னல் இன்டர்நேஷனல் என்ற நிறுவனம் ஏறத்தாழ 500 இந்தியர்களை வரவழைத்தது. குடும்பத்தோடு நிரந்தரமாகக் குடியேறலாம், கிரீன் கார்டு உறுதி என்று ஏஜெண்டுகள் சொன்னார்கள். அதை நம்பி ஒவ்வொருவரும் 10,000 முதல் 20,000 டாலர் வரை கட்டினார்கள். அன்றைய மதிப்பில் அது நாலரை லட்சத்திலிருந்து ஒன்பது லட்சம் ரூபாய். நகையை அடகு வைத்தவர்களும் நிலத்தை விற்றவர்களும் வட்டிக்கு வாங்கியவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

போய் இறங்கியபோது கையில் இருந்தது தற்காலிக விசா. அந்த ஒரு முதலாளியைத் தவிர வேறு யாரிடமும் வேலை செய்ய அந்த விசா இடம் தராது. ஒரு கொட்டகைக்கு 24 பேர் என்று தங்கவைத்து, அதற்கு ஒவ்வொருவரிடமும் மாதம் 1,050 டாலர் பிடித்தார்கள். கூலி, காகிதத்தில் பார்த்தால் குறைவே இல்லை. ஊரில் ஏறிக்கொண்டிருந்த வட்டிதான் அவர்களைக் கட்டிப்போட்டிருந்தது. எதிர்த்துப் பேசினால் விசா போகும். விசா போனால் வெறுங்கையோடு ஊர் திரும்பி அத்தனை கடனுக்கும் பதில் சொல்ல வேண்டும். 2007 மார்ச்சில் ஒரு விடியற்காலை, தொழிலாளர்களைத் திரட்டியவர்களை நிறுவனத்தின் காவலர்கள் பிடித்துவைத்தார்கள். பிடிபட்டவர்களில் ஒருவர் தன் மணிக்கட்டை அறுத்துக்கொண்டார். ஓராண்டு கழித்து, 2008 மார்ச்சில், சுமார் நூறு பேர் தளத்தின் வாயிலில் நின்று தலைக்கவசங்களைக் கழற்றி வீசிவிட்டு வெளியேறினார்கள். நியூ ஆர்லியன்ஸிலிருந்து வாஷிங்டனுக்குப் பயணம் போனார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள். அவர்களைத் திரட்டிய சாகேத் சோனி அந்தக் கதையைப் பின்னாளில் புத்தகமாகவும் எழுதினார். 2015 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸ் ஜூரி ஐந்து தொழிலாளர்களுக்கு 1.4 கோடி டாலர் இழப்பீடு தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஜூலையில் அந்த நிறுவனம் திவால் மனு போட்டது. 2 கோடி டாலர் சமரசத்துக்கு ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டது.

இந்த வழக்கை விரிவாகச் சொல்ல ஒரு காரணம் உண்டு. அம்பத்தூர் ஐ.டி.ஐ.யில் வெல்டர் டிரேடு முடித்த பையன் கல்ஃபுக்கோ சிங்கப்பூருக்கோ போக ஏஜெண்டுக்குக் கட்டும் பணமும் இதே வகைப் பணம்தான். தொகை சிறிது, நாடு வேறு. மற்றபடி கடன் வாங்கும் முறையும் அது ஆளைப் பிடித்துவைக்கும் முறையும் ஒன்றே.

இது அமெரிக்கா கண்டுபிடித்த முறையும் இல்லை. 1859-ல் பிரிட்டிஷ் அரசு அந்த ஆண்டின் 13-ஆம் சட்டத்தைக் கொண்டுவந்தது. கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய தலைநகரங்களுக்காக முதலில் வந்த சட்டம் அது. முன்பணம் வாங்கிய கைவினைஞரோ கூலியாளோ வேலையை விட்டுப் போனால் மாஜிஸ்திரேட் அவரைப் பிடித்துவந்து, பணத்தைத் திருப்பிக் கொடு அல்லது வேலையைச் செய் என்று உத்தரவிடலாம். மறுத்தால் மூன்று மாதம் வரை சிறை. இப்படி, கடன் வாங்கியவர் வேலையை விடுவது 1920-களின் நடுப்பகுதி வரை இந்நாட்டில் குற்றமாக இருந்தது. இதே போன்ற அலபாமா மாநிலச் சட்டம் ஒன்றை அமெரிக்க உச்சநீதிமன்றம் 1911-லேயே செல்லாது என்று தள்ளியிருந்தது. இலங்கைத் தோட்டங்களில் நம் சனங்களுக்கு நடந்ததும் இதுதான். ஆள் சேர்த்து மேய்த்த கங்காணியிடம் பட்ட கடன் எவ்வளவு என்று துண்டுச் சீட்டில் எழுதித் தருவார்கள்; அந்தத் தொகையை இன்னொரு தோட்டம் கட்டினால்தான் ஆள் அங்கே போக முடியும். ஆளோடு கடனும் கைமாறியது. 1921-ல்தான் அந்தத் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது.

நம் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துக்கு வருவோம். பூந்தமல்லியைத் தாண்டி மேற்கேயும் வடக்கேயும் போனால் சேம்பர்கள் என்று நாம் சொல்லும் செங்கல் சூளைகள். செங்குன்றம் பக்கம் அரிசி ஆலைகள். ஆலைகளில் தலைமுறைக் கடனுக்கு நெல் அவித்துக் காயவைத்தவர்களில் மிகப் பலர் இருளர்கள். சேம்பர்களுக்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் வருகிறார்கள். அறுவடைத் திருநாளான நுவாக்காய் சமயத்தில் ஆள் சேர்க்கும் தரகரான சர்தார் வீட்டுக்கு வந்து முன்பணம் தருவார். பண்டிகைச் செலவுக்கோ மருத்துவத்துக்கோ மகள் கல்யாணத்துக்கோ அது போய்விடும். பொங்கலை ஒட்டி வேலை தொடங்கும். கணவன் மண் மிதிக்க, மனைவி அச்சில் அடிக்க, பிள்ளைகள் ஈரக் கல்லைப் புரட்டிப் போடுவார்கள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கணக்கு. வாரா வாரம் கையில் வருவது சாப்பாட்டுச் செலவுக்கான காசு மட்டும். மீதியெல்லாம் மேஸ்திரியின் நோட்டில் ஏறும். மழை பெய்து கல் கரைந்தால் அந்தக் கல்லுக்குக் கூலி கிடையாது. சீசன் முடிவில் அந்த நோட்டைப் பார்த்துத்தான் யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள் என்பது தெரியும். அந்த நோட்டை எழுதியவர் கூலி கொடுப்பவரின் ஆள். 2011-ல் திருவள்ளூர் மாவட்டத்தின் ஒரே சூளையிலிருந்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஒடிசா தொழிலாளர்கள் மீட்கப்பட்டார்கள்.

1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் மிக வலுவான சட்டம். அப்படிப்பட்ட கடன் அத்தனையும் அந்தச் சட்டம் வந்த அன்றே ரத்து. கடன் கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவருடையது. வாங்கியவர் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. 1982-ல் ஆசிய விளையாட்டுக் கட்டுமான வழக்கில் உச்சநீதிமன்ற நீதிபதி பகவதி, குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதே கட்டாய உழைப்பு, வறுமையின் நெருக்கடியும் கட்டாயம்தான் என்று தீர்ப்பளித்தார். இவ்வளவு இருந்தும் 1995-ல் உச்சநீதிமன்றம் நியமித்த ஆணையர்கள், தமிழ்நாட்டில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கொத்தடிமைகள் இருப்பதாக அறிக்கை கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு அரசு கணக்கெடுத்தபோது கண்டது சுமார் 25 ஆயிரம். பத்து லட்சம் எங்கே, 25 ஆயிரம் எங்கே? நோட்டை எழுதியவரையே சாட்சியாகக் கேட்டுக் கணக்கெடுத்தால் எண்ணிக்கை குறையத்தான் செய்யும்.

இனி நம் தொழிற்பேட்டை, அதாவது எஸ்டேட்டுக்குள் நுழைவோம். 1955 ஜனவரியில் இதே ஆவடியில்தான் சோசலிச பாணி சமுதாயம் அமைப்போம் என்று காங்கிரஸ் மாநாடு தீர்மானம் போட்டது. 1961-ல் ஆவடியில் டாங்கி தொழிற்சாலை, 1960-களின் நடுவில் அம்பத்தூர் தொழிற்பேட்டை. அந்தத் தலைமுறைக்கு நிரந்தர வேலை கிடைத்தது. சம்பளத்தோடு இன்னொன்றும் கிடைத்தது. அதை நாம் பெரிதாக எண்ணுவதில்லை. பணியாளர் கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கம் என்று ஒன்று இருந்தது. மகள் கல்யாணமா, அப்பாவுக்கு ஆபரேஷனா, சங்கத்தில் மனு போட்டால் குறைந்த வட்டியில் கடன் வரும். சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொள்வார்கள். அதனால்தான் அந்த ஆட்கள் வாயிற்கூட்டத்தில் தைரியமாக நின்றார்கள். ஒரு மாதம் கதவடைப்பு வந்தாலும் வீட்டு வாசலில் யாரும் வந்து நின்று கத்தவில்லை.

இன்று அதே மெஷினில், அதே ஷிஃப்டில், நிரந்தரத் தொழிலாளிக்குப் பக்கத்தில் கான்ட்ராக்ட் பெண் நிற்கிறாள். 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தால் நிரந்தரமாக்க வேண்டும் என்று 1981-லேயே சட்டம் இயற்றிய மாநிலம் இது. அந்த நாள் நெருங்கும்போது கான்ட்ராக்டர் பெயர் மாறும், ஆள் அதே ஆள்தான். அவளுக்குக் கூட்டுறவுச் சங்கம் இல்லை. சம்பளச் சீட்டு இல்லாததால் வங்கி வாசலும் இல்லை. இருப்பது, நுண்கடன் கம்பெனிகள் பெண்களைக் குழுவாகச் சேர்த்துக் கொடுக்கும் குழுக்கடன்.

பட்டரவாக்கத்திலோ அயப்பாக்கத்திலோ ஒரு சந்தில் வாரக் கலெக்‌ஷன் நாள் காலையில் போய்ப் பாருங்கள். குரூப் லீடர் வீட்டுத் திண்ணையில் பத்துப் பதினைந்து பெண்கள். கடன் அட்டையில் வரிசையாகக் கட்டங்கள். கட்டிய வாரத்துக்குக் கையெழுத்து, கட்டாத வாரம் வெறுமையாக நிற்கும். ஒருத்தி வரவில்லை என்றால் மற்றவர்கள் பங்கு போட்டுக் கட்ட வேண்டும். அவள் வரும்வரை மீட்டிங் முடியாது. ஷிஃப்டுக்கு நேரமாகிறது என்று சொன்னாலும் விட மாட்டார்கள். ஒரு கம்பெனிக்குக் கட்ட இன்னொரு கம்பெனியில் வாங்குவது, அதற்கும் கட்ட முடியாமல் அடகுக் கடை, அதன் பிறகு கந்துவட்டி. இந்தப் பெண் கூடுதல் நேரம் வேண்டாம் என்று சொல்லுவாளா? சூப்பர்வைசர் கை ஓங்கினால் புகார் எழுதுவாளா? இரண்டு நாள் வேலைநிறுத்தத்துக்கு வாருங்கள் என்று நாம் அழைத்தால் வருவாளா? வர மாட்டாள். பயந்தவள், வர்க்க உணர்வு இல்லாதவள் என்று நம் தோழர்களே பேசக் கேட்டிருக்கிறேன். மனம் மிக வருந்தியிருக்கிறேன்.

இதைக் கொத்தடிமை என்று நான் சொல்ல மாட்டேன். கடன் கொடுத்தவர் ஒருவர், வேலை கொடுப்பவர் வேறொருவர். ஆனால் அவளுடைய கடனால் முழு லாபம் அடைவது ஆலைதான். வட்டியில் ஒரு பைசா வாங்காமலே, மறுத்துப் பேசாத ஓர் ஆள் ஆலைக்குக் கிடைத்துவிடுகிறாள்.

அப்படிப் பேசாமல் இருந்தவர்கள் பொறுக்க முடியாமல் தெருவுக்கு வந்ததும் உண்டு. 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். சுங்குவார்சத்திரத்தில் ஆப்பிள் நிறுவனத்துக்கு ஐபோன் பூட்டும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண்கள் தங்கிய விடுதியில், கெட்டுப்போன உணவு உண்டு 150-க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஓர் அறையில் 6 முதல் 30 பேர் வரை. சில கழிப்பறைகளில் தண்ணீர் இல்லை. சம்பளம் மாதம் ஏறத்தாழ 10,500 ரூபாய். சாப்பாடும் தூக்கமும் சரியில்லை என்று அந்தப் பெண்களுக்கு முன்பே தெரியும். ஊருக்குப் பணம் அனுப்பியாக வேண்டிய பெண் சோற்றைப் பற்றிப் புகார் சொல்லத் தயங்குவாள். தோழிகள் செத்துப்போனார்கள் என்ற வதந்தி பரவிய பிறகுதான் நள்ளிரவில் பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். ஆலை மூடப்பட்டது, ஜனவரி 12-ல்தான் திறந்தது. ஆப்பிள் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியைச் சிப்காட் திறந்தது. நல்ல காரியம், மனமாரப் பாராட்டுகிறேன். அந்தப் பெண்கள் சாலையில் உட்கார்ந்திராவிட்டால் இந்த மாற்றங்கள் இவ்வளவு விரைவில் வந்திருக்காது.

குழுக்கடனுக்கும் கட்டுப்பாடு உண்டு. ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, குடும்ப மாத வருமானத்தில் பாதிக்கு மேல் கடன் தவணைக்குப் போகக் கூடாது; காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்குத் தொல்லை தரக் கூடாது. கட்டாய வசூலைத் தடுக்க நம் சட்டமன்றமும் 2025-ல் தனிச் சட்டம் நிறைவேற்றியிருக்கிறது, மீறினால் சிறை. இந்த இரண்டையும் எத்தனை சங்க அலுவலகங்களில் அச்சடித்து ஒட்டியிருக்கிறோம்?

இங்கிருக்கும் சங்க நிர்வாகிகளுக்கு என் வேண்டுகோள் இது. உறுப்பினர் படிவத்தில் சம்பளத்துக்குப் பக்கத்தில் கடன் என்று ஒரு கட்டம் போடுங்கள்: யாரிடம், எவ்வளவு, எந்த வட்டிக்கு. கான்ட்ராக்ட் தொழிலாளர்களையும் சேர்த்துக்கொள்ளும்படி கூட்டுறவு நாணயச் சங்கங்களின் விதியைத் திருத்தக் கேளுங்கள். சம்பள உயர்வுக் கோரிக்கைக்கு நிகராக அதை வையுங்கள். இங்கு வந்திருக்கும் சட்டக் கல்லூரி மாணவர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். மீட்கப்பட்ட கொத்தடிமைத் தொழிலாளிக்கு உடனடி உதவியாக 30,000 ரூபாய் தருகிறார்கள். லட்சக்கணக்கில் வர வேண்டிய முழு மறுவாழ்வுத் தொகையைக் குற்றவாளிக்குத் தண்டனை கிடைக்கும்வரை நிறுத்திவைக்கிறார்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்க, அந்தக் குடும்பம் அதற்குள் இன்னொரு முன்பணம் வாங்கிவிடுகிறது. இந்த நிபந்தனையை எதிர்த்து எழுதுங்கள், வழக்காடுங்கள்.

சேம்பரிலோ ஆலையிலோ பட்டறையிலோ கடனுக்காக ஒருவரை வெளியே விடாமல் வைத்திருப்பது தெரிந்தால், அம்பத்தூர்க்காரர்கள் சென்னை மாவட்ட ஆட்சியருக்கும், ஆவடி, பூந்தமல்லிக்காரர்கள் திருவள்ளூர் மாவட்ட ஆட்சியருக்கும் எழுதுங்கள். கடன் பத்திரம் இணைக்க வேண்டியதில்லை. யார், எங்கே, எத்தனை பேர் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினால் போதும். மற்றதை விசாரிப்பது அவர்கள் கடமை.