புடவை அறுத்த பிறகு

காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கைத் தறியில் ஒரு பட்டுப்புடவை நெய்து முடிந்தாலும் தறி காலியாகிவிடுவதில்லை. நீளவாட்டில் ஓடும் பாவு நூல் பெரும்பாலும் மூன்று புடவைக்குக் கணக்காக ஓட்டப்படுகிறது. முதல் புடவையை அறுக்கும்போது இன்னும் இரண்டு புடவைக்கான நூல் உருளையில் சுற்றியிருக்கும். கம்பளி பின்னுபவர் பாதி ஸ்வெட்டரைக் கூடையில் வைத்துவிட்டு வேறு ஊசியில் வேறொன்றைத் தொடங்கலாம். தறியில் அதற்கு இடமில்லை. ஏறிய பாவு தீரும்வரை அடுத்த பாவு காத்திருக்கத்தான் வேண்டும். அடுத்து என்ன நெய்வது என்ற கேள்விக்குப் பாதி விடையை ஏற்கெனவே தறியில் கிடக்கும் நூல் சொல்லிவிடுகிறது.

காஞ்சிபுரத்துப் புடவையில் கடினமான வேலை முடிவுப் பகுதியில்தான் வந்து சேர்கிறது. உடல் ஒரு நிறம், முந்தி வேறு நிறம் என்றால் குறுக்கே ஓடும் ஊடையை மட்டும் மாற்றினால் போதாது. பாவு பழைய நிறத்திலேயே இருப்பதால் இரண்டு நிறமும் கலந்து முந்தி மங்கிப்போகும். இதற்கு இவ்வூர் நெசவாளர் கையாளும் முறை பேட்னி. உடலின் பாவு இழைகளோடு முந்தியின் நிறத்தில் சாயமேற்றிய இழைகளைச் சேர்த்து, இரண்டும் ஒன்றாகக் கிடக்கும் ஒரு சிறு பட்டையை நெய்து, பிறகு பழைய இழைகளை விலக்கி வெட்டிவிட்டு, புது நிறத்தில் முந்தி தொடர்கிறது. சேர்ந்த இடத்தைத் துணியில் விரலால் தடவிக் கண்டுபிடிக்கலாம். அவசரப்பட்டால் இழை தளர்ந்து அந்த இடம் சுருங்கும். ஐந்தரை மீட்டரை ஒழுங்காக நெய்தவரும் இந்தச் சில விரற்கடை அகலத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்கிறார்.

அறுத்த புடவையில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் நுனிகளைக் கத்தரித்து, முந்தி ஓரத்தில் குஞ்சம் முடிந்து, மடித்துக் கூட்டுறவுச் சங்கத்துக்கோ முதலாளியிடமோ கொண்டுபோகிறார்கள். அங்கே எடை பார்க்கப்படுகிறது. கொடுத்த பட்டு எவ்வளவு, ஜரிகை எவ்வளவு, திரும்பி வந்தது எவ்வளவு என்று கணக்குச் சரியானதும் கூலி கைக்கு வரும். பட்டு பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகை சூரத்திலிருந்தும், காஞ்சிபுரத்திலேயே இயங்கும் தமிழ்நாடு ஜரிகை ஆலையிலிருந்தும் வருகிறது. இரண்டும் விலையுயர்ந்தவை என்பதால் சிறு வேறுபாட்டுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

மூன்றாவது புடவையும் இறங்கிய பிறகு பாவின் கடைசித் துண்டு அச்சிலும் விழுதிலும் கோத்தபடியே எஞ்சி நிற்கும். அதில் நெய்ய முடியாது. ஆனால் யாரும் உருவி எறிவதுமில்லை. உருவினால் ஆயிரக்கணக்கான இழைகளை விழுதுக் கண்ணிலும் அச்சுப் பல்லிலும் ஒவ்வொன்றாக மறுபடி கோக்க நேரும். அதனால் புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய இழையின் நுனியோடு பிணைக்கிறார்கள். விரல் வழுக்காமல் இருக்கச் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, இரண்டு நுனியையும் சேர்த்து முறுக்கிவிட வேண்டும். வரிசை மாறக் கூடாது. ஒரு இழை தப்பினாலும் அது துணி நெடுகக் கோடாகத் தெரியும். பிணைத்து முடித்ததும் மெல்ல இழுத்தால் பழைய பாவே புதுப் பாவை விழுது வழியாகவும் அச்சு வழியாகவும் கூட்டிக்கொண்டு வரும். கண்ணுக்கும் முதுகுக்கும் இவ்வளவு பாரமான வேலையை விலையட்டையைப் பார்த்துப் புடவை வாங்கும் யாரும் அறிவதில்லை.

இனி அடுத்த புடவை. எதை மாற்றுவது எளிது, எதை மாற்றுவது கடினம் என்பதைப் பொறுத்தே தேர்வு அமைகிறது. ஊடையின் நிறத்தை ஒரே பாவுக்குள் புடவைக்குப் புடவை மாற்றலாம். நீலப் பாவில் பச்சை ஊடை ஓடினால் மயில் கழுத்தைப் போல மினுங்கும் துணி கிடைக்கும். பாவின் நிறத்தை மாற்ற அடுத்த பிணைப்புவரை பொறுக்க வேண்டும். புட்டாவை மாற்ற ஜக்கார்டு அட்டைகளை மாற்ற வேண்டும். பிரான்சின் லியோன் நகரத்தில் 1804ஆம் ஆண்டையொட்டி ஜக்கார்டு உருவாக்கிய அந்தக் கருவி வருமுன், காஞ்சிபுரத்தில் அடை என்னும் நூல் கட்டமைப்பே கோலங்களைத் தாங்கி நின்றது. கரையின் அகலத்தை மாற்றுவதுதான் மிகப் பெரிய வேலை. கட்டிய விழுதையே பிரித்துக் கட்ட நேரும். அதனால் ஒரு தறியில் கோபுரக் கரை ஏறிவிட்டால் பல பாவுகளுக்கு அதே கரைதான் ஓடும். நிறம் மட்டும் மாறும்.

எது ஏறும் என்பதை நாள்காட்டியும் தீர்மானிக்கிறது. ஆவணி முகூர்த்தத்துக்கான கூரைப்புடவை ஆனிக்குள் தறியில் இருந்தாக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாலாற்றங்கரைப் பக்கத்துக் குழித்தறிகளில் ஈரம் ஊறும். தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட முடியாது. சாயமேற்றிய நூல் காயாது. அந்த மாதங்களுக்கு முன்பே பாவைத் தயாராக்கி வைப்பவருக்கு வேலை தடைப்படுவதில்லை.

ஒரு நிறத்தை ஒருவர் விரும்பித் தேர்ந்ததால் ஊரே அதை நெய்த கதையும் உண்டு. எம்.எஸ். சுப்புலட்சுமிக்காகக் காஞ்சிபுரம் முத்து செட்டியார் உருவாக்கிய நீலம் 'எம்.எஸ். ப்ளூ' என்ற பெயரோடு இன்றும் கடைகளில் கேட்டு வாங்கப்படுகிறது. நெய்யத் தெரிந்தவரின் நிறத் தேர்வு எவ்வளவு காலம் வாழும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். ஆனால் அப்படித் தேர்ந்தெடுக்கும் உரிமை நெசவாளர் கையிலிருந்து பெரிதும் நழுவிவிட்டது. கடை கேட்பதைச் சங்கமோ முதலாளியோ முடிவுசெய்து, பாவையும் அட்டையையும் சேர்த்தே அனுப்பிவிடுகிறார்கள்.

இதில் கூலிக் கணக்குக்கும் பங்குண்டு. கூலி புடவைக்கு இவ்வளவு என்று கிடைக்கிறது. பாவு பிணைக்கும் நாட்களிலும், விழுது மாற்றிக் கட்டும் நாட்களிலும் புடவை எதுவும் இறங்காது. எனவே பழகிய கரையையே திரும்பத் திரும்ப நெய்வதுதான் குடும்பத்துக்குக் கட்டுபடியாகும். கோர்வை இதனால்தான் அருகி வருகிறது. கரையும் உடலும் இரு நிறமாகப் பூட்டி நிற்கும் அந்த நெசவுக்கு ஊடையை எறியும் நாடா மூன்று வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து கரைநாடா எறிய இன்னொருவரும் வேண்டும். துணையாள் கிடைக்காத வீட்டில் கோர்வைப் பாவு இறங்கியதும் ஒரே நிறக் கரை ஏறிவிடுகிறது. 2005-06இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் பட்டுப்புடவையை விசைத்தறியிடமிருந்து காக்கிறது. இரண்டுமே நெய்து முடிந்த துணியைக் காப்பவை. ஒரு பாவுக்கும் அடுத்த பாவுக்கும் நடுவே நெசவாளர் செலவிடும் நாட்களுக்கும் கூலி உண்டு என்ற ஏற்பாடு வந்தால், கரையை மாற்றவும் கோர்வையை மறுபடி ஏற்றவும் தயங்க வேண்டியிராது. சங்கங்கள் அதைப் புடவைக் கூலியோடு சேர்க்காமல் தனிக் கணக்காகக் கொடுப்பதே முறை.