பள்ளிக்குப் பின்னால் இரண்டு தெரு
(வட்டார அளவிலான ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



களப்பயணம் என்றதும் பேருந்து வாடகையைக் கணக்கிடத் தொடங்கிவிடுகிறோம். பள்ளிக்குப் பின்னால் உள்ள இரண்டு தெருக்களே போதும் என்பேன். தலைமையாசிரியரின் அனுமதி, வீட்டுக்காரர்களிடம் முதல்நாளே ஒரு சொல், அவ்வளவுதான்.

உடல இனப்பெருக்கத்துக்கு ரணகள்ளி இலையைக் கரும்பலகையில் வரைகிறோம். அதே பாடம் வீடுகளில் வளர்ந்து நிற்கிறது. வேலியோரம் நட்ட முருங்கைப் போத்து துளிர்த்திருக்கும். கறிவேப்பிலை வேரிலிருந்து பக்கக்கன்று கிளம்பியிருக்கும். பாத்திரம் கழுவிய தண்ணீர் பாயும் இடத்தில் வாழை கன்று விட்டிருக்கும்.

பூசணிக் கொடி உள்ள வீட்டுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறினால் பூ சுருங்கிவிடும். எங்கள் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் பாட்டி, அடியில் குட்டிக்காய் உள்ள பூவையும் இல்லாத பூவையும் பிரித்துக் காட்டினார். ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவி, “தேனீ வராத நாளுக்கு இப்படித்தான்” என்றார். மகரந்தச் சேர்க்கை என்ற சொல் அவருக்குத் தெரியாது. பெற்றோர் கூட்டத்துக்கு அழைத்தால், “நான் வந்து என்ன பேசப்போறேன்” என்பவர். அன்று அவர் சொன்னதை வகுப்பே குறிப்பேட்டில் எழுதியது. பின்வரிசைப் பிள்ளைகளுக்குப் பேத்தி ஓடி ஓடி விளக்கிக்கொண்டிருந்தாள்.

ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறேன். தோட்டமுள்ள வீடுகளாகத் தேர்ந்தெடுத்துப் போகாதீர்கள். இடமே இல்லாத வீட்டிலும் உடைந்த குடத்தில் புதினா இருக்கும், கூரையில் பிரண்டை ஏறியிருக்கும். அந்தப் பிள்ளை தலைகுனியக் கூடாது. எனவே போட்டி, மதிப்பெண் எதுவும் வேண்டாம்.

அடுத்த மாதம் ஆடிப்பட்டம். கிளம்பும்போது அவரை, பீர்க்கு, புடலை விதை கேட்டு வாங்குங்கள். பள்ளி வேலிக்கு ஆகும்.